பூச்சி விட்டுத்தரும் இடைவெளி

அழகர்கோவில் சாலையோர மாந்தோப்பு ஒன்றில், மழை விட்ட ஒரு காலையில் முசுறுக் கூட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். இலைகளை இழுத்துச் சேர்த்துக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்புதான் முசுறு. கூட்டைவிட்டுத் தள்ளி ஓர் இலைமேல் ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதையும் ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், முகத்துக்கு நேர் முன்னால் பளபளவென்று இரண்டு உருண்டைக் கண்கள். எறும்புக்கு அப்படிக் கண் கிடையாதே! கால்களை எண்ணினேன். எட்டு. முன்னங்கால் இரண்டையும் எறும்பின் மீசைபோலத் தூக்கிப் பிடித்திருந்தது. முசுறு வேடத்தில் திரியும் குதிக்கும் சிலந்தி அது.

படத்தைப் பார்த்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. "அண்ணே, நானும் ஒரு மேக்ரோ லென்ஸ் வாங்கணும். 40 இருக்கு, 60 இருக்கு, 100 இருக்கு. எத்தனை எம்எம் வாங்கினா நல்லாப் பெருசாத் தெரியும்?"

மேக்ரோ என்பது சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாகப் படமெடுக்கும் லென்ஸ். எம்எம் என்று தம்பி சொன்னது அதன் குவியத் தொலைவை. முதல் லென்ஸ் வாங்கும் பலரும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த மூன்றும் 1:1 லென்ஸ்களாக இருந்தால், மூன்றிலும் உருவம் ஒரே அளவுதான். 1:1 என்றால், 8 மி.மீ. நீள முசுறு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்மேலும் 8 மி.மீ. நீளமாகவே விழும். நம்மில் பலர் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி என்ற சென்சார் வகைக் கேமராவில் அதன் அகலம் சுமார் 23.5 மி.மீ. ஆகவே எறும்பு படத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கும். 2.4 கோடி பிக்சல் கேமராவில் அதன் உடம்பு மட்டும் சுமார் 2,000 பிக்சல் நீளம். மீசையின் கணுக்கள்வரை தெரிய இது போதும். சில ஜூம் லென்ஸ்களிலும் 'மேக்ரோ' என்று எழுதியிருக்கும். அவை பெரும்பாலும் 1:4 அளவிலேயே நின்றுவிடும். எழுத்தை விட்டுவிட்டு விகிதத்தைப் பாருங்கள்.

சரி, எம்எம் கூடினால் என்னதான் மாறுகிறது? லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே உள்ள இடைவெளி. பள்ளியில் படித்த குவிலென்ஸ் பாடம்தான். பொருளின் அளவே பிம்பமும் வேண்டுமென்றால், பொருள் குவியத் தொலைவின் இரண்டு மடங்கில் இருக்கவேண்டும்; பிம்பமும் அதே தூரத்தில் மறுபக்கம் விழும். 50 எம்எம் சாதாரண லென்ஸ் என்றால் பொருள் 10 செ.மீ. தள்ளி, 100 என்றால் 20 செ.மீ. தள்ளி. கடையில் வாங்கும் லென்ஸில் பல கண்ணாடிகள் உள்ளே நகர்ந்து ஃபோகஸ் செய்வதால் கணக்கு கொஞ்சம் குறையும். 100 எம்எம் வகையில் லென்ஸின் முகப்புக்கு முன்னால் சுமார் 15 செ.மீ. கிடைக்கும். 60இல் 9 செ.மீ. போல. 40இல் மூன்றரை, அதாவது இரண்டு விரல் அகலம்.

இரண்டு விரல் தூரத்தில் தட்டான் உட்கார்ந்திருக்குமா? பறந்துவிடும். பறக்காத சிலந்தி என்றாலும் லென்ஸின் நிழலே அதன்மேல் விழும். பெட்டியில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது சென்சாரிலிருந்து அளந்தது, கேமராவின் தடிமனும் லென்ஸின் நீளமும் அதற்குள் அடக்கம்.

அதனால் தம்பியிடம் திருப்பிக் கேட்டேன், "எதைப் படமெடுக்கப் போறே?" தும்பைப்பூ, எருக்கிலையின் அடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஒற்றையாக வைத்துப்போகும் முட்டை, இவை எங்கும் ஓடாது. 60 தாராளம், எடையும் குறைவு. தட்டான், குதிக்கும் சிலந்தி, பட்டாம்பூச்சி என்றால் 90 முதல் 105 வரை ஏதாவது ஒன்று. என் கட்சி இதுதான். 150, 180 இன்னும் இடம் தரும். ஆனால் கையில் பிடித்துச் சமாளிப்பது முதல் லென்ஸுக்குப் பெரும்பாடு.

எந்த லென்ஸை வாங்கினாலும் வெளிச்சம் ஒரு பிரச்சினை. 1:1இல் பிம்பம் இரண்டு மடங்கு தூரம் போய் விழுவதால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. கால் பங்குதான் மிஞ்சும். லென்ஸின் துளை அளவைச் சொல்லும் எஃப் எண்ணில் (எண் கூடினால் துளை சிறிது) எஃப் 2.8 என்பது எஃப் 5.6 மாதிரி நடந்துகொள்ளும். துல்லியமாக விழும் ஆழமும் எஃப் 8இல் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். என் சிலந்திப் படத்தில் கண் ஊசிமுனை போலத் தெளிவு, வயிறு மங்கல். அந்தத் துளையை, அதாவது அபர்ச்சரை, 16, 22 என்று சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவி மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 8 முதல் 11 வரை வைத்து, பூச்சியின் பக்கவாட்டுக்கு நேராகக் கேமராவைப் பிடிப்பது நல்லது. ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாள். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, கண் தெளியும் நொடியில் அழுத்தவேண்டும்.

கையில் காசு இல்லையா? 50 எம்எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. ட்யூப் (கண்ணாடி இல்லாத வெறும் குழாய்) போட்டால் அரைப் பங்கு உருப்பெருக்கம் கூடும். ஆனால் இடைவெளி சுருங்கும். பூச்சிக்கு எனக்குப் பிடித்தது வேறு வழி. 250 எம்எம் வரை போகும் ஜூம் இருந்தால், அதன் முகப்பில் 8 டயாப்டர் (மூக்குக்கண்ணாடிக் கடையில் 'பவர்' என்பார்களே, அது) குளோசப் லென்ஸ் ஒன்றை மாட்டுங்கள். அதன் குவியத் தொலைவு 125 மி.மீ. ஜூமை முழுக்க நீட்டி ஃபோகஸைத் தொலைவில் வைத்தால் 250ஐ 125ஆல் வகுத்த அளவு, அதாவது இரண்டு மடங்கு உருவம். இடைவெளியும் சுமார் 12 செ.மீ. நிற்கும்.

தம்பி கடைக்குப் போனபோது ஒன்று செய்யச் சொன்னேன். லென்ஸை 1:1இல் நிறுத்தி, ஒரு பேனா முனையைத் தெளிவாகப் பிடித்து, நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்க்கவேண்டும். பழைய 100 எம்எம் ஒன்றில் எட்டு விரல் நுழைந்ததாம். கண்ணாடியில் பூஞ்சை இல்லை என்று விளக்கொளியில் பார்த்துவிட்டு வாங்கி வந்தான். அடுத்த ஞாயிறு விடியலில் இருவரும் அரிட்டாபட்டிக்குப் போனோம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்த ஊர். பனி காயாத புல்நுனியில், இறக்கையெல்லாம் நீர்முத்தோடு ஒரு தட்டான். குளிர் விலகி உடம்பு சூடேறும்வரை அதனால் பறக்க முடியாது. தம்பி மண்ணில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, பன்னிரண்டு படம் எடுத்தான். பதின்மூன்றாவதற்குள் வெயில் வந்துவிட்டது.