அமைச்சரிடம் ஒரு வார்த்தை: கேள்வி வரைபவனின் மேசையிலிருந்து

சில ஆண்டுகளுக்கு முன், கோயம்புத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நான்கு பக்க மனுவுடன் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு வந்தார். பி.எஃப். பென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் தமக்கு மாதம் 1,000 ரூபாய்தான் வருகிறது என்பதும், 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகையாக அறிவிக்கப்பட்ட அந்த ஆயிரம் அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்பதும்தான் மனுவின் சாரம். "இதை அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்க தம்பி, வேற ஒண்ணும் வேண்டாமுங்க" என்றார். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்விகளை வரைந்து தருவது என் தொழில். அந்த ஒரு வார்த்தையை எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு கூட்டத்தொடர்கள் ஆயின. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதை விளக்கினால், தங்கள் தொகுதி உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகும் பலருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரையும், மாநிலங்களவையில் 2014-இன் இறுதியிலிருந்து நண்பகல் 12 முதல் 1 மணி வரையும் கேள்வி நேரம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளை மட்டுமே. அவற்றுக்கு அமைச்சர் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள் பட்டியலிடப்படும். அவையில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதற்குள் மணி 12 ஆகிவிடும். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விகளோ நாளொன்றுக்கு 230. அவற்றுக்கு எழுத்துமூலம் மட்டுமே பதில் வரும், துணைக் கேள்விக்கு இடமில்லை. நட்சத்திரக் கேள்விகளைப் பச்சைத் தாளிலும் மற்றவற்றை வெள்ளைத் தாளிலும் அச்சிடுவது வழக்கம் என்பதால், 'பச்சையா வெள்ளையா' என்றுதான் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம். தங்கள் கோரிக்கை பச்சையில் வரவில்லையே என்று வருந்துவோர் பலர். என் அனுபவத்தில் பயனுள்ள தகவல்களில் பெரும்பகுதி வெள்ளைத் தாளில்தான் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் மாநில வாரியாக, ஆண்டு வாரியாக அட்டவணை கேட்க அதுவே ஏற்ற இடம்.

எந்தக் கேள்வி எந்த வரிசையில் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கப்பட்டிருக்கும். பதில் வர வேண்டிய நாளுக்குக் குறைந்தது முழுமையான 15 நாட்களுக்கு முன்பே கேள்வி அறிவிப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே, நேற்று நடந்த விபத்தைப் பற்றி நாளை கேள்வி நேரத்தில் கேளுங்கள் என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அதற்கு வேறு விதிகள் இருக்கின்றன, இந்த வழி அதற்கானதல்ல என்று விளக்க வேண்டியிருக்கிறது.

குலுக்கலைத் தாண்டினாலும் விதிகளைத் தாண்ட வேண்டும். மக்களவை நடைமுறை விதிகளின்படி ஒரு கேள்வி சாதாரணமாக 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. அதில் வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. கற்பனையான சூழலை வைத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் முன் இருக்கும் விவகாரத்தைத் தொடக் கூடாது. ஒன்றிய அரசின் முதன்மைப் பொறுப்பில் வராத பொருளாகவும் இருக்கக் கூடாது. பெரியவரின் மனுவை இந்த விதிகளின் முன் வைத்துப் பார்த்தால், அதில் இருந்த நான்கு பக்கங்களில் மூன்றேமுக்கால் பக்கம் கழிந்துவிடும். 'இந்த அநியாயத்துக்கு முடிவே இல்லையா' என்பது வாதம். 'ஆயிரம் ரூபாயில் ஒரு குடும்பம் வாழ முடியும் என்று அமைச்சர் கருதுகிறாரா' என்பது கருத்துக் கேட்பது. '5,000 ரூபாயாக உயர்த்தினால் எவ்வளவு செலவாகும்' என்பது மிக நியாயமான கேள்விபோலத் தோன்றினாலும், கற்பனைச் சூழல் என்று மக்களவைச் செயலகம் அதைக் கழித்துவிட முடியும். அதையே 'குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவதற்கான செலவை அமைச்சகம் மதிப்பிட்டிருக்கிறதா, ஆம் எனில் அந்த மதிப்பீடு எவ்வளவு, எந்தத் தேதியில் செய்யப்பட்டது' என்று திருப்பி எழுதினால் அது நடந்த செயலைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது; விதி தடுக்காது. எங்கள் வேலையில் பாதி இப்படித் திருப்பி எழுதுவதுதான்.

மீதிப் பாதி, சொல்லைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு மலக்குழி மரணங்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கழிவுநீர்ச் சாக்கடைகளையும் கழிவுத் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது, 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் 340 பேர் இறந்தார்கள் என்று சமூகநீதித் துறை 2021 பிப்ரவரியில் மக்களவையில் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் பணியால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று அதே துறை பதிலளித்தது. நாளிதழ்களில் இரண்டாவது பதில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. ஆனால் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், கையால் மலம் அள்ளுவதையும் சாக்கடை, கழிவுத் தொட்டிகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதையும் இரண்டு தனித்தனி வரையறைகளாக வைத்திருக்கிறது. உலர் கழிப்பிடம் போன்ற இடங்களில் கையால் மலம் அள்ளுவது முதலாவது. பாதுகாப்புக் கருவியின்றிக் குழிக்குள் ஒருவரை இறக்குவது இரண்டாவது. மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் இரண்டாவது வரையறைக்குள் வருகிறார்கள். முதலாவதைக் கேட்டவருக்குச் சுழியமும், இரண்டாவதைக் கேட்டவருக்கு 340-உம் கிடைத்தன. அந்தச் சுழியம் சட்டத்தின் சொல்லுக்கு உட்பட்டது, மனசாட்சிக்கு உட்பட்டதா என்பது வேறு. அன்றிலிருந்து எந்தத் துறைக்கு எழுதினாலும், உரிய சட்டத்தின் வரையறைப் பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முதல் வரியை எழுதுகிறேன்.

பதிலைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். கேள்வியில் (அ), (ஆ), (இ) என்று ஐந்து உட்பிரிவுகள் இருந்தால், பதில் பெரும்பாலும் '(அ) முதல் (உ) வரை' என்று ஒரே பத்தியாக வரும். எந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்பது அந்தப் பத்தியில் கரைந்துவிடும். 'இந்தத் தரவு மைய அளவில் பராமரிக்கப்படவில்லை' என்பது இன்னொரு பழகிய தொடர். 2020 செப்டம்பரில், பொதுமுடக்கத்தின்போது சொந்த ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்கு அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது. இழப்பீடு பற்றிய உட்பிரிவுக்கு, மேற்கண்டதன் அடிப்படையில் அந்தக் கேள்வி எழவில்லை என்றது. கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே கைவிடப்பட்டிருந்த கூட்டத்தொடர் அது. எழுத்துமூலப் பதில்கள் மட்டுமே இருந்தன, எழுந்து நின்று 'ஏன் பராமரிக்கவில்லை' என்று கேட்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. 2021 ஜூலையில், இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்புகளைக் கேட்டபோது, சுகாதாரம் மாநிலப் பொருள், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறப்பு என்று எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்பது பதில். அந்த வாக்கியத்தில் எடை முழுவதும் 'குறிப்பாகத் தெரிவிக்கவில்லை' என்பதில் இருக்கிறது. அதைப் படித்ததும் எழ வேண்டிய அடுத்த கேள்வி, மாநிலங்கள் நிரப்பி அனுப்பும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்ததா என்பது.

துணைக் கேள்வி எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை ஆங்கிலேயர் நன்றாக அறிந்திருந்தார்கள். 1892-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியச் சட்ட மன்றங்களில் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுத்தபோது துணைக் கேள்வியைக் கொடுக்கவில்லை. 1909-இல் மூலக் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும் அது கிடைத்தது. விடுதலைக்குப் பின் அந்த ஆயுதம் எங்கே வரை பாயும் என்பது 1957-இல் தெரிந்தது. தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயைப் போட்டது பற்றி அவையில் எழுந்த கேள்விகளை, ஆளுங்கட்சியின் வரிசையிலிருந்தே பெரோஸ் காந்தி விடாமல் துரத்தினார். பதிலுக்குப் பதில் முரண்பட்டது. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை வந்தது. சென்னைக்காரரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார்.

ஆயுதம் கூர்மையானது என்பதாலேயே அதை விற்றவர்களும் உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசியக் கேமராவில் பதிவாகி, 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் ஓர் எல்லையை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது: வரைவு எங்களுடையதாக இருக்கலாம், கேட்பதா வேண்டாமா என்ற முடிவும் கையொப்பமும் உறுப்பினருடையவை. யாராவது தங்கள் நிறுவனத்தின் போட்டியாளரைப் பற்றிக் கேள்வி எழுதிக்கொண்டு வந்து, செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவது நல்லது.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு பதில் உண்டு: 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்.' இதைப் படித்துவிட்டுப் பலர் தட்டிக்கழித்துவிட்டார்கள் என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது அரசு அளித்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். அதை நிறைவேற்ற மூன்று மாதக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அவையின் அரசு உறுதிமொழிக் குழு துறையின் அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்கும். கெடு நீட்டிக்கப்படுவது மிகச் சாதாரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தக் கேள்வியின் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து, உறுப்பினருக்கு அவ்வப்போது நினைவூட்டுபவர்களுக்குப் பதில் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மனு எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, தவறான அவையின் கதவைத் தட்டுவது. பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, ஊர்ப் பேருந்து ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. அவற்றைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்தின் கேள்வி நேரம் 2022 ஜனவரி முதல் நேரலையில் வருகிறது, அங்கே கேள்விகள் எப்படி அமைகின்றன என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ரயில், துறைமுகம், வருங்கால வைப்பு நிதி, இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற படகுகள் ஆகியவை நாடாளுமன்றத்துக்கு உரியவை. மதுரை எய்ம்ஸ்போல இரு அரசுகளும் சம்பந்தப்பட்டவற்றில் பழைய பதில்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் படிப்பதே பெரிய வேலை. 2018 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது 1,264 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு பிறகு 1,977.8 கோடியாகத் திருத்தப்பட்டது. பெரும்பகுதி ஜப்பானிய நிறுவனத்தின் கடன் என்றானது. ஒவ்வொரு பதிலிலும் எது மாறியது, எது அப்படியே திரும்பி வந்தது என்று அடிக்கோடிட்டால் அடுத்த கேள்வி தானாகவே தெரியும். பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

உறுப்பினர் எவரும் உங்கள் மனுவை எடுத்துக்கொள்ளாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவில், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒரு நபருக்கும் மறுக்கக் கூடாது என்று 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வரும் வரை எழுதியிருந்தது. அந்த வரி எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. அந்த வரி இப்போது இல்லாவிட்டாலும், 10 ரூபாய்க் கட்டணத்துடன் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு மனுவைப் போடத் தயங்க வேண்டியதில்லை.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். முதல் கூட்டத்தொடரில் ஐந்து உட்பிரிவுகளுடன் எழுதினோம். குலுக்கலில் நட்சத்திரம் கிடைக்கவில்லை. வந்த வெள்ளைத் தாளில் '(அ) முதல் (உ) வரை' என்ற ஒரே பத்தி, முதலாளி சம்பளத்தில் 8.33 சதவீதம் செலுத்துகிறார், 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு ஒன்றிய அரசு 1.16 சதவீதம் தருகிறது, ஆயிரம் ரூபாய்க்குக் குறையும் தொகையை அரசு தன் நிதியிலிருந்து ஈடுசெய்கிறது என்று திட்டத்தைப் பொறுமையாக விளக்கியது. அந்த ஆயிரத்தை மட்டும் பெறுபவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்டிருந்தது அந்த விளக்கத்துக்குள் காணாமல் போயிருந்தது. தவறு என்னுடையது, ஒளிந்துகொள்ள நானே ஐந்து இடம் கொடுத்திருந்தேன். அடுத்த கூட்டத்தொடரில் ஒரே ஒரு கேள்வியாக எழுதினோம்: மாதம் 1,000 ரூபாயும் அதற்குக் குறைவாகவும் பெறும் ஓய்வூதியர்களின் எண்ணிக்கை, மண்டல அலுவலக வாரியாக.

அட்டவணை வந்தது. அச்செடுத்துக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் வரியைத் தேடிப் பிடித்தார். விரலை அந்த எண்ணின் மேல் வைத்தபடியே, "இதுல ஒரு வருசத்துக் கணக்குதானுங்க இருக்குது தம்பி, அதுக்கு முந்தின அஞ்சு வருசம் எங்கே?" என்று கேட்டார்.