தேதி முந்தினால் லாபம் தங்காது

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒயிட்ஃபீல்டில் வங்கி மென்பொருளைச் சோதிக்கும் வேலை. வளைகுடாவில் உள்ள ஓர் இஸ்லாமிய வங்கிக்கான கார் நிதிப் பகுதியில், விற்பனை ஒப்பந்தத் தேதியை ஷோரூம் இன்வாய்ஸ் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகப் போட்டால் திரை நகரவே மாட்டேன் என்கிறதாம். “தொகை சரி, தவணை சரி, கையெழுத்தும் இருக்கிறது. ஒரு நாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு கெடுபிடியா? வட்டிக்கு லாபம் என்று பெயர் மாற்றியதைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது என்று டீமில் கேட்கிறார்கள்” என்கிறார்.

அந்தத் தடை வேண்டுமென்றே வைத்தது. இஸ்லாமிய வங்கியின் உயிரே அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். பணத்தைக் கொடுத்து அதற்கு மேல் பணம் வாங்குவது ரிபா, அது கூடாது. பொருளை வாங்கி விற்று லாபம் பார்ப்பது வியாபாரம், அது ஆகும். ஆகவே வங்கி கடன் கொடுப்பதற்குப் பதிலாக வியாபாரியாகிறது. எகிப்தின் மித் கம்ர் ஊரில் 1963-இல் சின்னதாகத் தொடங்கிய சேமிப்பு வங்கி, பிறகு 1975-இல் துபாய் இஸ்லாமிய வங்கி என்று இந்த யோசனை வளர்ந்த கதை எங்கும் கிடைக்கும். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

எட்டு லட்ச ரூபாய் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முராபஹா முறையில், அந்தக் காரை வாங்கிக்கொள்வதாக வாடிக்கையாளர் முதலில் வாக்குக் கொடுக்கிறார். வங்கி ஷோரூமில் 8,00,000 கட்டிக் காரை வாங்குகிறது. பிறகு, “எனக்கு அடக்கவிலை 8,00,000, என் லாபம் 1,36,000” என்று வெளிப்படையாகச் சொல்லி 9,36,000-க்கு அவருக்கு விற்கிறது. மாதம் 26,000 வீதம் 36 தவணை.

வங்கி வாங்கியதற்கும் விற்றதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. ஒரு நாளாக இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் கார் வங்கியுடையது. ஷோரூம் கிடங்கில் தீப்பிடித்து அந்தக் கார் எரிந்துபோனால் நஷ்டம் வங்கிக்கு. வாடிக்கையாளர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. அந்த நஷ்ட பயத்தைச் சுமந்ததற்குத்தான் 1,36,000 கூலி. பயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பணத்துக்குப் பணம், அதாவது வட்டி. விற்ற பிறகு விலை ஏறாது என்பதும் இதோடு சேர்ந்தது. தவணை தாமதமானாலும் 9,36,000 அப்படியே நிற்கும். தாமதத்துக்கு அபராதம் வாங்கினால் அது தர்மத்துக்குப் போக வேண்டும், வங்கியின் வருமானத்தில் சேராது.

இப்போது தேதிகளை மாற்றிப் பாருங்கள். இரண்டாம் தேதி விற்பனை ஒப்பந்தம், மூன்றாம் தேதிதான் வங்கி காரை வாங்கிய இன்வாய்ஸ். வங்கி தன்னிடம் இல்லாத காரை விற்றிருக்கிறது. அதே காகிதங்கள், அதே தொகை, அதே கையெழுத்து. வரிசை மட்டும் பிசகியது. விற்பனை செல்லாது. வங்கி தன் 8,00,000-ஐ எடுத்துக்கொள்ளலாம், 1,36,000-ஐத் தர்மத்துக்குத் தள்ளிவிட வேண்டும். மலேசியாவில் இது சட்டம் வரை போயிருக்கிறது. அங்கே 2013-இல் வந்த இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டப்படி, இப்படி ஒரு மீறல் தெரியவந்தால் வங்கி உடனே மத்திய வங்கிக்குச் சொல்ல வேண்டும், அந்த நடைமுறையை நிறுத்த வேண்டும், 30 நாளுக்குள் திருத்தத் திட்டம் தர வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒவ்வொரு ஷோரூமுக்கும் வங்கி ஆள் அனுப்ப முடியாது. அதனால் பல நேரம் வாடிக்கையாளரையே தன் முகவராக வைத்து வாங்கச் சொல்கிறது. ஒரே ஆள் முதலில் வங்கிக்காக வாங்குகிறார், பிறகு வங்கியிடமிருந்து தனக்காக வாங்குகிறார். நடுவில், “வாங்கிவிட்டேன்” என்று அவர் தெரிவித்து, வங்கி “விற்றேன்” என்று சொல்லும் ஒரு கணம் தனியாக நிற்க வேண்டும். அரிசி ஆலைக்காரர் ஒருவர் நெல்லுக்கு நிதி வாங்குகிறார் என்று வையுங்கள். முகவராக நெல்லை வாங்கி, அவசரத்தில் அரைத்தும் முடித்து, அப்புறம் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், வங்கி விற்பதற்கு அங்கே நெல்லே இல்லை.

சரி, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? தீர்ப்புச் சொல்லும் மார்க்க அறிஞரான ஆலிமுக்குத் தெரியும், ஆனால் அவர் கவுண்டரில் உட்காருவதில்லை. கவுண்டரில் இருப்பவர் வழக்கமான வங்கியிலிருந்து வந்தவராக இருக்கலாம். அங்கே அவர் படித்த பாடம், எல்லாக் காகிதமும் கோப்பில் இருந்தால் போதும் என்பது. அந்தப் பழக்கம் இங்கே அவரைக் கவிழ்த்துவிடும். ஒருவரிடம் இருக்கும் அறிவை நிறுவனம் முழுக்கக் கொண்டுசேர்ப்பது எப்படி என்று பார்க்கும் அறிவு மேலாண்மை என்ற துறை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதியைச் சொல்லில் கொண்டுவரவே முடியாது என்று தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி விளக்கினார். அந்த உள்ளறிவு எழுத்தாகி, எழுத்து மறுபடி இன்னொருவரின் கைப்பழக்கமாகும் சுழற்சியை ஜப்பானியர்களான நோனாகாவும் தகேயுச்சியும் 1995-இல் வரைந்து காட்டினார்கள். ஆலிமின் தீர்ப்பும் இப்படித்தான் பயணம் போகிறது: ஃபத்வா (அவர் தரும் மார்க்கத் தீர்ப்பு), நடைமுறைக் கையேடு, பயிற்சி வகுப்பு, கடைசியில் திரை.

பயணத்தில் ஒவ்வொரு படியிலும் காரணம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடுகிறது. ஃபத்வாவில் முழு நியாயம் இருக்கும். கையேட்டில் ஒரு வரி. திரையில் வெறும் “இந்தத் தேதி அந்தத் தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும்”. சோதிப்பவர் கைக்கு வரும்போது அது கெடுபிடியாகத்தான் தெரியும். அடுத்த பதிப்பில் யாராவது அதைத் தளர்த்திவிட்டால் தவறு வெளிவருவது, எல்லாம் இஸ்லாமிய விதிப்படி நடந்ததா என்று பார்க்கும் ஷரீஅத் தணிக்கையில். அதற்குள் எத்தனை கார்கள் விற்றிருக்கும்? ஆகவே வாசகிக்கு என் யோசனை: அந்தத் தடைக்கான குறிப்பில் தீர்ப்பின் எண், காரணம், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

திரைக்குள் அடங்காத அறிவும் இருக்கிறது. அனுபவமுள்ள தணிக்கையாளர் ஆலையில் இன்வாய்ஸை மட்டும் பார்க்க மாட்டார். சரக்குப் பதிவேட்டைக் கேட்பார், லாரி வந்த தேதியைக் கேட்பார், ஒப்பந்த நாளில் நெல் மூட்டையாக இருந்ததா என்று பார்ப்பார். இதைக் கற்றுக்கொள்ள அவர் கூடவே போய்வர வேண்டும்.

அப்புறம், தீர்ப்புகள் மாறவும் செய்யும். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்க பஹ்ரைனில் 1991 முதல் இயங்கும் ஆயோஃபி அமைப்பின் எட்டாவது ஷரீஅத் தரநிலை முராபஹாவுக்கானது. அதே அமைப்பின் ஷரீஅத் குழுத் தலைவர் தகீ உஸ்மானி, 2007 இறுதியில், அசலைத் திருப்பித் தருவதாக முன்கூட்டியே வாக்களிக்கும் சுகூக் (இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்கள்) விதிக்குப் பொருந்தாது என்று சொல்ல, சந்தையே அதிர்ந்தது. 2008 பிப்ரவரியில் ஆயோஃபி புதிய வழிகாட்டுதல் தந்தது. எந்த ஒப்பந்தம் எந்தத் தீர்ப்பின் மேல் நிற்கிறது என்று எழுதி வைத்த வங்கி, பாதிப்பு எங்கே என்று சட்டென்று பார்த்துவிடலாம். எழுதாத வங்கி கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். நாட்டுக்கு நாடும் வேறுபாடு உண்டு. பணம் திரட்டுவதற்காகச் சரக்கை வாங்கி விற்கும் ஒழுங்குபடுத்தப்பட்ட தவர்ருக் முறை கூடாது என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 2009-இல் ஷார்ஜாவில் தீர்மானித்தது. மலேசிய வங்கிகளில் அது நடக்கிறது.

நம் நாட்டில் இந்த வங்கியே கிடையாது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், எட்டாவது பிரிவு, வங்கிகள் சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது. முராபஹா அங்கேயே முட்டி நிற்கும். ரகுராம் ராஜன் குழு 2008-இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. ஆனால் இஸ்லாமிய வங்கிகளுக்கான மென்பொருள் பெங்களூரில் எழுதப்படுகிறது. இன்ஃபோசிஸின் வங்கி மென்பொருளான ஃபினாகிளில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. இதே ஊரில்தான் சபீலுர் ரஷாத் அரபுக் கல்லூரியும் இந்திய அறிவியல் கழகமும் இருக்கின்றன. தீர்ப்பையும் காரணத்தையும் சேர்த்துச் சேமிக்கும் முறைகளை ஆராய இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். இங்கே வங்கி வருகிறதோ இல்லையோ, அந்த ஆய்வு நம் வருவாய்த் துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் பயன்படும்.

எல்லா ஃபத்வாக்களையும் செயற்கை நுண்ணறிவுக்கு ஊட்டிவிட்டால் போதும், அதுவே பதில் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவுகிறது. அது எனக்குத் தாயத்து நம்பிக்கை போலத்தான் படுகிறது. தவர்ருக் பற்றிக் கேட்டால் கோலாலம்பூருக்கு ஒரு பதில், ஷார்ஜா தீர்மானத்தை ஏற்பவருக்கு இன்னொரு பதில். எந்த நாடு, எந்தத் தேதி, எந்தத் தீர்ப்பு என்று காட்டாமல் பதிலை மட்டும் நீட்டும் கருவியை வங்கிகள் கவுண்டருக்குக் கொண்டுவரக் கூடாது.