நான்கெல்லைக்குள் ஒரு சமூகம்

சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டில் மன்னனின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி முடிந்ததும், "கீழ்பாற்கெல்லை", "தென்பாற்கெல்லை" என்று நிலத்தின் எல்லைகள் வரிசையாக வரும். படிப்பதற்கு அலுப்பூட்டும் இந்த வரிகளே, என் கருத்தில், மெய்க்கீர்த்தியைவிட விலைமதிப்புள்ளவை. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா (1933–2015) தம் வாழ்நாள் ஆய்வை இத்தகைய வரிகளின்மேல்தான் கட்டினார்.

இந்தியக் கிராமம் என்பது நிலத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு, அரசுகள் மாறினாலும் தான் மாறாமல் கிடந்த ஒரு சிறு குடியரசு என்று 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அது உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கராஷிமா, திருச்சிக்கு அருகே காவிரியின் தென்கரையில் உள்ள அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆவணத்திடமும் எளிய கேள்விகளையே கேட்டார். நிலத்தை விற்பவர் பெயர் சொல்லப்பட்ட தனியாளா, அல்லது "ஊரோம்" என்று கூட்டாகப் பேசுபவர்களா? அடுத்த நிலம் யாருடையது? 1966-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, பிராமணர் குடியிருப்பான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாக இருந்தது. வேளாண் குடிகளின் ஊரான அல்லூரில் அது ஊராரின் கூட்டுடைமையாக இருந்தது. சோழர் ஆட்சியின் பிற்பகுதிக் கல்வெட்டுகளைப் பார்த்தால், பிராமணர் அல்லாதோர் ஊர்களிலும் தனியுடைமை பரவியிருப்பது தெரிகிறது. ஆங்கிலேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிராமம் மாறிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டைப் பற்றிப் பேச முடியாது என்பதால், அடுத்த வேலை எண்ணுவதாக அமைந்தது. எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி, 1978-இல் அவர் ஒரு பெயரடைவை வெளியிட்டார். நிலவுடைமையாளருக்கு அரசன் அளித்த மூவேந்தவேளான் போன்ற பட்டம் எந்த ஆட்சியாண்டில், எந்த வட்டாரத்தில், எத்தனை பேருக்கு இருந்தது என்று அடுக்கிப் பார்க்கும்போது, அரசனுக்கும் நிலவுடைமையாளருக்கும் இருந்த உறவு, எந்தப் புலவரும் பாடாமலே வெளிப்படுகிறது. வரிப் பெயர்களையும் இதே முறையில் எண்ணலாம்.

இந்த எண்ணிக்கை முழுவதும் எழுத்தைச் சரியாகப் படிப்பதில் தங்கியிருக்கிறது. அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை; எகர ஏகார வேறுபாடு இல்லை; ரகரமும் கால் குறியும் ஒன்றுபோலவே இருக்கும். "எரி" என்று வெட்டியிருப்பதை "ஏரி" என்று படிக்க வேண்டும் என்பதை அந்த வரியின் பொருளை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஐயம் வந்தால் ஆய்வாளர் கல்வெட்டு உள்ள கோயில் சுவரிடமே திரும்பிப் போகிறார்: கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் பள்ளங்களுக்குள் தட்டி இறக்கி, மேலே மை ஒற்றினால், கருப்பின் நடுவே எழுத்து வெள்ளையாக எழுகிறது. திருப்பணியின்போது மணல் பீய்ச்சித் தூய்மைசெய்த சுவர்களில் எழுத்தின் விளிம்பே தேய்ந்துபோயிருக்கும். அங்கே எத்தனை கவனமாகப் படியெடுத்தாலும், கீழ்பாற்கெல்லையில் இருந்த நிலம் யாருடையது என்பது தாளில் ஏறாது.