டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் எங்களுக்குப் பயம்

"காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர், அதுதான் உடனே கூட்டி வரேல்ல."

ஒரே கிழமையில் மூன்றாவது தடவையாக இதைக் கேட்டுவிட்டேன். இனிப் பொறுமையில்லை, எழுதியே விடுகிறேன்.

இந்தக் கிழமை வந்த மூன்றாவது பிள்ளை திருகோணமலைச் சாம்பல்தீவுப் பக்கத்துப் பையன், ஏழு வயது. மூன்று நாள் கொதித்த உடம்பு நான்காம் நாள் விடிய ஆறியிருக்கிறது. அன்று முழுக்கச் சுருண்டு கிடந்தவனை "நாலு நாளா நித்திரை கொள்ளாத பிள்ளை, எழுப்பாதேங்கோ" என்று அம்மம்மா காவல் காத்திருக்கிறார். பின்னேரம் இரண்டு தரம் சத்தியெடுத்த பிறகுதான் ஓட்டோ பிடித்தார்கள்.

வார்டில் அவன் பாதத்தைத் தொட்டேன், ஐஸ். விரல் நுனியை அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். ஐந்து வரை எண்ணினேன். பிரஷர் 90க்கு 76. மேல் எண்ணும் கீழ் எண்ணும் இவ்வளவு நெருங்கினால் அது ஷொக், உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை. ஆனால் பேரைக் கேட்டால் தெளிவாகச் சொல்கிறான், டீச்சரின் பேரையும் சொல்கிறான். ஷொக்கில் இருந்துகொண்டே பிள்ளைகள் கதைப்பார்கள். (மேல் பிரஷரை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற தம்பி தங்கச்சிமாரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.)

டெங்கு மற்றக் காய்ச்சல் மாதிரி இல்லை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் கசியும். எல்லாப் பிள்ளைக்கும் கசியாது. யாருக்குக் கசியும் என்று முதல் நாளில் எவராலும் சொல்ல முடியாது. ஆகவே தெர்மோமீட்டரைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். சுகமான பிள்ளை எழும்பிச் சோறு கேட்கும், சலம் போகும், தம்பியோடு சண்டை பிடிக்கும். காய்ச்சலும் இல்லை, எழும்பவும் மாட்டேன் என்கிறது, கை கால் குளிர்கிறது, வயிறு நோகிறது, திரும்பத் திரும்பச் சத்தி, ஆறு மணித்தியாலமாகச் சலம் இல்லை. இதில் ஒன்று இருந்தாலும் புறப்படுங்கள். இன்னொரு தரம் சொல்கிறேன்: காய்ச்சல் 'விட்டது' நல்ல செய்தி என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

வார்ட் வாசலில் சொந்தக்காரர் எல்லாரும் கேட்பது பிளேட்லட் எத்தனை என்று. நான் முதலில் தேடுவது பிசிவி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்ற கணக்கு. இந்தப் பையனுக்கு மூன்றாம் நாள் 35, வார்டுக்கு வந்தபோது 46. நீர் கசிந்து இரத்தம் தடித்துவிட்டது என்று அர்த்தம். பரம்பரை இரத்தச்சோகையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு 30 கூட உயர்வாக இருக்கலாம், அதனால் கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டு வாருங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, நல்ல பருமனான பிள்ளை, இருதய நோயுள்ள பிள்ளை, இவர்களை முதல் நாளே காட்டுங்கள்.

பனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். காய்ச்சல் குறையவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள். இபுபுரூஃபன் வேண்டாம், ஆசனவாயில் வைக்கிற டைக்குளோஃபெனக் வேண்டவே வேண்டாம். இந்தப் பையனுக்கு இரண்டாம் நாள் ஓரிடத்தில் அதை வைத்து அனுப்பியிருந்தார்கள்; கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல் பக்கெட்) கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம், சத்தியில் வருவது இரத்தமா நெக்டோச் சோடாவா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாற்றைப் பருக்கிச் சத்தியெடுக்க வைத்துவிட்டு எங்களிடம் வராதீர்கள். மூன்றாம் நாள் கட்டாயம் இரத்தப் பரிசோதனை. டெங்கு வைரஸைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையில் இல்லை என்று வந்தால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது.

2017 மார்ச்சில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டம் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கக் கூடாது. வாடைக்காற்று மழை தொடங்கினால் கரையில் கவிழ்க்காமல் விட்ட தோணி, கொல்லைச் சிரட்டை, ஃபிரிஜ்ஜின் பின்தட்டு எல்லாம் நுளம்புக்கு வீடுதான். தொட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அது கடிப்பது பகலில், எனவே பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும்.

பையன் ஆறாம் நாள் இடியப்பம் கேட்டான். சம்பல் இல்லாமல் தர முடியாது என்று வார்ட் நர்ஸ் மிஸ் சொன்னதற்கு, சம்பலோடுதான் கேட்கிறேன் என்றான்.

இரவு இரண்டு மணியானாலும் வாருங்கள். ஒன்றுமில்லாததற்கு வந்தீர்கள் என்று வாசலில் யாராவது ஏசினால், நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.