மாமா அனுப்பிய வீடியோவும் மொம்பாசா டிக்கெட்டும்

நான் டிராவல்ஸ் நடத்துகிறேன். போன வாரம் என்னிடம் புக் செய்திருந்த ஒரு குடும்பம் கென்யா பயணத்தை ரத்து செய்தது. மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம், அப்புறம் மொம்பாசாவுக்குத் தெற்கே டியானி கடற்கரை. ஐந்து டிக்கெட் போட்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டாயிற்று. காரணம், வாட்ஸ்ஆப்பில் ஒரு மாமா அனுப்பிய வீடியோ. "ஆப்பிரிக்காவுல ஊரையே கொளுத்துறாங்க சார், பசங்களக் கூட்டிட்டு எப்படிப் போறது?"

பார்த்தேன். வீடியோவில் இருப்பது மொசாம்பிக்கின் வடகோடியில் இருக்கும் பால்மா நகரம். 2021 மார்ச்சில் நடந்த தாக்குதல். இந்த வருடம் இப்படி நான்காவது ரத்து.

ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை என்று எத்தனை முறைதான் சொல்வது? கிழக்குக் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோமாலியாவின் கரை 3,000 கி.மீ.க்கு மேல். அதற்குக் கீழே கென்யா, வெறும் 500 சொச்சம். பிறகு டான்சானியா. அதற்கும் கீழேதான் மொசாம்பிக். டியானிக்கும் பால்மாவுக்கும் நேர்க்கோட்டிலேயே 700 கி.மீ., நடுவில் டான்சானியாவின் கரை முழுக்கக் கிடக்கிறது. மணிப்பூரில் கலவரம் என்று கொடைக்கானல் ரூமை யாராவது கேன்சல் செய்கிறோமா?

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பால்மா இருக்கும் காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 அக்டோபரிலிருந்து தாக்கிவரும் ஆயுதக் கும்பலையும் உள்ளூர்க்காரர்கள் 'அல்-ஷபாப்' என்றே சொல்கிறார்கள். சோமாலியாவின் அல்-ஷபாப் வேறு அமைப்பு. பெயர் ஒன்றாக இருப்பதால், எங்கே குண்டு வெடித்தாலும் என் போன்தான் அடிக்கிறது.

சரி, பயப்படுகிறவர்களையாவது சமாளித்துவிடலாம். பயமே இல்லாதவர்களை என்ன செய்வது? அதே வாரம் ஒரு இளைஞர், கேமராக்காரர், வந்தார். மொம்பாசாவிலிருந்து ரோட்டிலேயே வடக்கே லாமு, அங்கிருந்து போனி காடு, ஹிரோலா மானைப் படம் எடுக்க வேண்டுமாம். "கென்யா சேஃப்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

தம்பி, டியானி வேறு, சோமாலிய எல்லையை ஒட்டிய போனி வேறு. 2011-இல் லாமு பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்களைச் சோமாலிய ஆயுதக் கும்பல்கள் கடத்தின. 2014 ஜூனில் லாமு மாவட்டத்தின் ம்பெகெடோனியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் 60 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த ரோட்டில் நான் யாரையும் அனுப்புவதில்லை, எத்தனை கெஞ்சினாலும். ஹிரோலா உலகத்திலேயே 500-கூடத் தேறாது என்பதும், அதன் பூர்வீக இடம் இந்த எல்லைப் பகுதிதான் என்பதும் எனக்கும் வருத்தம்தான்.

சண்டை வந்தால் மிருகங்கள்தான் முதலில் காலி. மொசாம்பிக்கின் கோரொங்கோசா தேசியப் பூங்காவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் பத்தில் ஒன்பது யானைக்கு மேல் போயிற்று. இரு தரப்புமே தந்தத்துக்காகச் சுட்டன. ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் அங்கே பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்குத்தான் தந்தம் இருக்காது. போரில் பிழைத்தவற்றில் பாதிக்கு இல்லை. இப்போது அங்கே போகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன், 'தந்தம் இல்லாத யானையா, காசு வேஸ்ட்' என்று திரும்பி வந்து சண்டை போடக் கூடாதே.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நாட்டின் பெயரைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மாவட்டம் எது, எந்த ரோடு, இந்த வாரம் நிலவரம் என்ன என்று கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போடுங்கள், முந்தின நாள் ஓடாதீர்கள். முறுக்கையும் புளிசாதத்தையும் பிளாஸ்டிக் கேரி பேக்கில் கட்டாதீர்கள். கென்யாவில் 2017-இலிருந்து அதற்குத் தடை. டியானியில் ரோட்டுக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருப்பது கொலோபஸ் குரங்கு வண்டியில் அடிபடாமல் கடக்க. நீங்கள் கீழே நின்று சிப்ஸ் நீட்டினால் மற்ற குரங்குகளும் ரோட்டுக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். கடற்கரையில் மலேரியா உண்டு. திரும்பி வந்து காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே 'கென்யா போய் வந்தேன்' என்பதாக இருக்கட்டும்.

அந்தத் தம்பியை லாமுவுக்குப் பதில் வடாமு அருகே அரபுக்கோ-சொகோகே காட்டுக்கு அனுப்பினேன். அங்கே பின்பக்கம் மட்டும் தங்க நிறத்தில் இருக்கும் யானை மூஞ்சூறு (தும்பிக்கை போல நீண்ட மூக்குள்ள சின்ன விலங்கு) ஒன்று உண்டு. மூன்று நாள் காத்திருந்து நேற்று படம் அனுப்பியிருக்கிறார். சருகு, சருகு, ஓரத்தில் ஒரு மஞ்சள் கீற்று.