ஹெடர் வராத கோரிக்கைக்கு எந்த வெர்ஷன்?

ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவோ சேவையோ கேட்கும் வழி) ஆவணத்தை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தால் முதலில் ஒரு வரியைத்தான் தேடுவேன்: கிளையன்ட், அதாவது கேட்கும் மென்பொருள், எந்த வெர்ஷனில் பதில் வேண்டும் என்று கோரிக்கையோடு சொல்லும் வெர்ஷன் ஹெடரே அனுப்பவில்லை என்றால் சர்வர் என்ன செய்ய வேண்டும்? ஹெடரின் பெயர் இருக்கும், மாதிரி மதிப்பும் இருக்கும். இந்த வரி மட்டும் பல நேரம் இருக்காது. எழுதுபவர்கள் ஒழுங்காக ஹெடர் அனுப்பும் கிளையன்டை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். யாரோ என்றோ எழுதி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இணையம் வழியே தரவு கேட்டுப் பெறுவதற்கான நெறிமுறையான ஓடேட்டாவின் கதையைப் பாருங்கள். 2014-இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாக வந்த அதன் 4.0 வெர்ஷனில், கிளையன்ட் தான் ஏற்கும் உச்ச வெர்ஷனை ‘ஓடேட்டா-மேக்ஸ்வெர்ஷன்’ ஹெடரில் சொல்லும். சர்வர் அதைத் தாண்டாமல் பதில் தந்து, எந்த வெர்ஷனில் தந்தது என்பதை ‘ஓடேட்டா-வெர்ஷன்’ ஹெடரில் குறிப்பிடும். சரி, கிளையன்ட் ஒன்றும் சொல்லாவிட்டால்? சர்வருக்குத் தெரிந்த உச்ச வெர்ஷனையே கேட்டதாக எடுத்துக்கொள்ளச் சொன்னது 4.0. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்வரை மேம்படுத்திய அன்றே, ஒரு வரிகூட மாறாத பழைய கிளையன்டுக்குப் புது வடிவத்தில் பதில் போய்விடும். அது உடைந்தால் காரணம் தேடுவது பெரும்பாடு; கிளையன்ட் பக்கம் எதுவுமே மாறவில்லையே!

2020-இல் தரமான 4.01 இதைத் திருத்தியது. ஹெடர் அனுப்பாதவர்களுக்குக் காலம் மாறினாலும் ஒரே வெர்ஷனில் பதில் தர வேண்டும். சேவை முதலில் வெளியானபோது ஆதரித்த உச்ச வெர்ஷன்தான் அவர்களுக்கான வரம்பு. இதுவே சரியான விதி என்பது என் உறுதியான கருத்து. பேசாத கிளையன்ட் புதியதற்குச் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆதரிக்காத வெர்ஷனைக் கேட்டால் பிழை என்று நேராகச் சொல்லுங்கள், எந்தெந்த வெர்ஷன் கிடைக்கும் என்பதையும் சேர்த்து. வேறொன்றைச் சத்தமில்லாமல் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பதில்களைச் சேமித்து வைத்து மறுபடி தரும் கேஷ். யூஆர்எல் ஒன்றே, பதில் மட்டும் வெர்ஷனுக்கு வெர்ஷன் வேறு என்றால், எந்தக் கோரிக்கை ஹெடரைப் பொறுத்துப் பதில் மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் ‘வேரி’ ஹெடரில் உங்கள் வெர்ஷன் ஹெடரின் பெயர் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் உள்ள கேஷ் ஒருவருக்கான பதிலை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். வேறு டொமைனிலிருந்து பிரவுசர் வழியாக அழைப்பவர்களுக்கு இன்னொரு தடை உண்டு: சர்வரின் கோர்ஸ் (வேறு டொமைன் அழைப்புகளுக்கான விதிமுறை) அனுமதிப் பட்டியலில் அந்த ஹெடர் இல்லை என்றால், உண்மையான கோரிக்கைக்கு முன் அனுமதி கேட்கும் முன்சோதனையிலேயே பிரவுசர் கோரிக்கையை நிறுத்திவிடும். பதிலில் வரும் வெர்ஷனை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க வேண்டுமானால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். இவ்விரண்டையும் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்.