படத்தை எங்கே நிறுத்துவது? டெல்டா வகுப்பறைகளுக்கான நடைமுறைக் குறிப்புகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் இன்று கருவிக்கும் பாடப்பொருளுக்கும் பெரிய பஞ்சமில்லை. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடு உண்டு. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023-இல் பாட வீடியோக்கள் கொண்ட மணற்கேணி செயலி வந்தது. ஸ்மார்ட் டிவி, புரொஜெக்டர், உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலான பள்ளிகளில் இருக்கிறது. ஆனால் படம் போட்டதும் பாடம் நின்றுபோகும் வகுப்புகளும் நிறைய. ஜன்னலைச் சாத்தி, 25 நிமிட வீடியோவை ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரல் வரும். மறுநாள் அதே பகுதியில் ஒரு கேள்வி கேளுங்கள், ஒரு கைகூட உயராது. அநேகமாக வீடியோவில் குறை இருக்காது. அதை எங்கும் நிறுத்தாமல் விட்டதுதான் குறை.

ஓடும் படத்தைப் பார்க்கிற பிள்ளைக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. முந்தைய காட்சியை மனதில் ஓட்டிப் பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பார்த்ததைத் தானே நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதுதான் அது தங்குகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஆகவே வீடியோவை முன்கூட்டியே ஒருமுறை முழுதாகப் பார்த்து, 3 அல்லது 4 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த நிமிடம், எந்த நொடியில் நிறுத்துவது, அங்கே என்ன கேட்பது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைமேல் வையுங்கள். நிறுத்த வேண்டிய இடம், விடை வருவதற்குச் சற்று முன்னால். "அடுத்து என்ன நடக்கும்? நோட்டில் ஒரு வரி எழுதுங்க" என்று ஒரு நிமிடம் கொடுங்கள். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை. தன் ஊகம் சரியா என்று பார்க்கக் காத்திருக்கும் பிள்ளை அடுத்த காட்சியைக் கவனிக்கிற விதமே வேறு.

மின்சுற்றுப் பாடத்தில் இது நன்றாக எடுபடும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் உள்ள மின்சுற்று உருவகம் (சிமுலேஷன்) இலவசம். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே பிரவுசரில் ஓடும். ஒரு பேட்டரி, தொடராக இரண்டு பல்புகள் வைத்து, ஸ்விட்சை மட்டும் மின்சாரம் ஓடாதபடி திறந்தே விடுங்கள். "எந்த பல்பு பிரகாசமாக எரியும், பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதா, தள்ளி இருப்பதா?" என்று கேளுங்கள். வகுப்பில் கணிசமான பேர் பக்கத்தில் இருப்பது என்பார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், மீதிதான் இரண்டாவதற்குப் போகும் என்ற எண்ணம் அவர்களுக்குள் வேரூன்றியிருக்கிறது. ஸ்விட்சை மூடினால் இரண்டும் ஒரே அளவில் எரியும். மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முன்னாலும் பின்னாலும் நடுவிலும் வைத்துக் காட்டினால் மூன்று இடத்திலும் ஒரே அளவீடு. இதன்பிறகு நிஜமான டார்ச் பல்புகள் இரண்டையும் இரண்டு பேட்டரிக் கட்டைகளையும் எடுங்கள். கடையில் வாங்கும் பல்புகளின் இழை ஒன்றுபோல் இருக்காது என்பதால் வெளிச்சத்தில் சிறு வித்தியாசம் தெரியும். அதை முன்னமே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பழைய எண்ணத்துக்கே திரும்பிவிடுவார்கள். பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொன்னால் அவர்களே காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். உருவகத்தோடு நிறுத்திவிட்டு நிஜப் பல்பைத் தொடவே விடாத வகுப்பு அரை வகுப்புதான்.

விடைகளை வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள். இதற்கு பிளிக்கர்ஸ் அட்டைகள் உதவும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு அச்சிட்ட அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுவே அ, ஆ, இ, ஈ விடை. ஆசிரியரின் செல்போன் ஒன்று போதும், கேமராவை வகுப்பின் குறுக்கே நகர்த்தினால் யார் என்ன விடை என்று பதிவாகிவிடும். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா படிக்காது. அட்டையின் கறுப்புக் கட்டத்தை விரல் மறைத்தாலும் படிக்காது. அட்டையின் வெள்ளை ஓரத்தைப் பிடிக்கச் சொல்லிப் பழக்குங்கள். விடை வந்தபின் செய்வதில்தான் பலன் இருக்கிறது. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1991-இல் தொடங்கிய முறைப்படி, சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் உடனே விளக்காதீர்கள். இரண்டு நிமிடம் பக்கத்துப் பிள்ளையோடு வாதாட விட்டு மறுபடி கேளுங்கள். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே வேறு வழியில் திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கரும்பலகையில் காட்ட முடிகிற எதற்கும் திரை வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நிலைமின்னியலுக்கு ஒரு சீப்பும் காகிதத் துணுக்கும் போதும். திரை தேவைப்படுவது மிகப் பெரியதற்கும், மிகச் சிறியதற்கும், மிக மெதுவானதற்கும், மிக வேகமானதற்கும்.

பெரியதற்கு நம் ஆறுகளையே எடுக்கலாம். கூகுள் எர்த்தில் கல்லணையைக் காட்டினால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை பிரிவதும் வடக்கே கொள்ளிடம் ஒதுங்கிப் போவதும் ஒரே பார்வையில் தெரியும். நம் பக்கத்தில் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயை மற்றவற்றோடு ஒப்பிடச் சொல்லுங்கள், மனிதன் வெட்டியது எது, தானாக வளைந்தது எது என்று பிள்ளைகளே சொல்வார்கள். பிறகு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிவதைத் தேடிப்பிடிக்கச் சொல்லலாம். இரண்டு இடத்தில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படமாக இருந்தால் ஆறு வெறும் மணலாகத் தெரியும், படத்தின் தேதியைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். மற்றொன்று உயரம். சுட்டியை நகர்த்தும்போது கீழே காட்டும் உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை இருக்கும். மலைப்பகுதியில் அது பொருட்டில்லை. டெல்டா போன்ற தட்டை நிலத்தில் அந்தப் பிழையே சரிவை மறைத்துவிடும், தண்ணீர் மேட்டுக்கு ஏறுவதுபோல எண்கள் வரும். கடைமடைக்கு ஏன் தண்ணீர் தாமதமாக வருகிறது என்பதை விளக்க அந்த எண்களை நம்ப வேண்டாம்.

கணக்குப் பாடத்தில் வரைபடத்துக்கு மேட்டூர் நீர்மட்டம் அருமையான தரவு. நாளிதழில் தினமும் வருகிறது, வீட்டில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பிள்ளைக்கு அந்நியமாக இல்லை. ஜூன் 12 முதல் ஒரு மாதம் நீர்மட்டத்தை லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருளில் பதிந்து கோட்டு வரைபடம் போடச் சொல்லுங்கள். நீர்மட்டம் அதிகம் மாறாத மாதத்தில் மென்பொருள் செங்குத்து அச்சைத் தானாகவே 110 அடி போன்ற ஓர் எண்ணிலிருந்து தொடங்கும். மூன்றடி குறைந்தது அணையே வற்றிவிட்டதுபோல் தெரியும். அச்சை 0 முதல் முழுக் கொள்ளளவு உயரமான 120 வரை மாற்றி, இரண்டு வரைபடத்தையும் அருகருகே வைத்து "எது உண்மை?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் வரைபடங்களைச் சந்தேகத்தோடு பார்க்க இந்த ஒரு வகுப்பு கற்றுக்கொடுக்கும்.

மெதுவானதற்கு நெல் முளைப்பதைப் பதிவு செய்வதைப் பரிந்துரைப்போம். ஒரு நாள் ஊறவைத்த விதைநெல் எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் ஈரப்பஞ்சின்மேல் நாலு விதை, மற்றொன்றில் நாலு அங்குலத் தண்ணீருக்கு அடியில் நாலு விதை வையுங்கள். பழைய செல்போன் ஒன்றை அசையாமல் கட்டி வைத்து, ஓப்பன் கேமரா போன்ற இலவசச் செயலியில் 10 நிமிடத்துக்கு ஒரு படம் என்று அமையுங்கள். ஒரு நாளைக்கு 144 படம், ஐந்து நாளில் 720. நொடிக்கு 24 படம் என்று சேர்த்தால் 30 நொடிக் காட்சி. படத்தின் அளவை 1920×1080-க்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய போனின் நினைவகம் நிறைந்துவிடக்கூடும். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டாவிட்டால் படம் மினுக்கும். பகல் வெளிச்சத்தை நம்பினால் இரவுப் படங்களெல்லாம் கறுப்பு, எனவே ஜன்னல் இல்லாத மூலையில் ஒரே எல்இடி விளக்கு வையுங்கள். மின்தடையின்போதும் எரியும் ரீசார்ஜ் விளக்காக இருப்பது நல்லது. போன் சார்ஜிலேயே கிடப்பதால் சூடாகும், உறையைக் கழற்றிவிடுங்கள். காட்சியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பஞ்சின்மேல் இருக்கும் விதையில் வேர் நன்றாக இறங்கும். மூழ்கிய விதையில் குருத்து முந்திக்கொண்டு மேலே நீளும், வேர் பின்தங்கிவிடும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைவு, குருத்து முதலில் காற்றைத் தேடிப் போகிறது. நேரடி விதைப்பு செய்த வயலில் மழைத்தண்ணீர் நின்றால் அப்பா ஏன் பதறுகிறார் என்பதற்கான காரணம் அந்த 30 நொடியில் கிடைத்துவிடும்.

இனி கண்ணுக்குத் தெரிவது பற்றி. கடைசி பெஞ்சு எவ்வளவு தூரமோ, அதில் ஆறில் ஒரு பங்காவது படத்தின் உயரம் இருக்க வேண்டும். 20 அடி வகுப்பறையில் கடைசிப் பிள்ளை 6 மீட்டரில் இருந்தால் படம் 1 மீட்டர் உயரம் வேண்டும். 43 அங்குல டிவியின் உயரம் 53 சென்டிமீட்டர்தான், 10 அடிக்கு அப்பால் அதில் எழுத்து படிக்க முடியாது. டிவியில் படத்தை மட்டும் காட்டி, சொற்களைக் கரும்பலகையில் எழுதுவதே சரி. தமிழ் எழுத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. மெல்லிய எழுத்துருவில் புள்ளியும் கொம்பின் சுழியும்தான் முதலில் மறையும். 'எரி, ஏரி', 'கொடு, கோடு', 'பல், பல' என்று ஆறு சொல்லைத் திரையில் போட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். தடுமாறினால் எழுத்தைத் தடிமனாக்குங்கள், ஒரு திரையில் எட்டு வரிக்கு மேல் வைக்காதீர்கள். பழைய பாமினி எழுத்துருவில் தயாரித்த கோப்புகள் வேறு கணினியில் குப்பையாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றி ஒரு பிடிஎஃப் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். சத்தமும் முக்கியம். ஐப்பசி மழை தகரக் கூரையில் இறங்கும்போது டிவி ஸ்பீக்கர் எடுபடாது. அன்றைக்கு ஒலியை அணைத்துவிட்டு நீங்களே பேசுவது மேல்.

இணையமும் கரண்டும் இருக்காது என்று வைத்தே தயாராகுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இங்கே உண்டு. அதை விடுங்கள், சாதாரண மழைநாளிலேயே இரண்டு மணி நேரம் போகும். மத்திய அரசின் தீக்ஷா செயலியில் பாடப்பொருளை முன்கூட்டியே பதிவிறக்கி வைக்கலாம். பென் டிரைவில் கொண்டுபோகும் வீடியோ எம்பி4 வடிவில், எச்.264 என்ற சுருக்க முறையில் இருந்தால் பழைய டிவியிலும் ஓடும். எச்.265 என்றால் சத்தம் மட்டும் வந்து படம் வராமல் போகலாம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் சில டிவிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும், எண்களால் பெயர் வையுங்கள். விளக்கு வகை புரொஜெக்டரை அணைத்ததும் மின்விசிறி ஓரிரு நிமிடம் சுற்றிச் சூட்டைத் தணிக்கும். அதற்குமுன் கரண்ட் போனாலோ பிளக்கைப் பிடுங்கினாலோ விளக்கின் ஆயுள் குறையும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே ஒரு யுபிஎஸ் வேண்டும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி காற்று வடிகட்டியை அடைத்துவிடும், அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மென்மையான தூரிகையால் தட்டுங்கள்.

வீட்டுப்பாடமாக வீடியோ அனுப்புவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பல வீடுகளில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவுதான் திரும்பும், அதற்குள் அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். ஐந்து நிமிட வீடியோ சுமார் 30 எம்பி. ஒரு நிமிடக் குரல் செய்தி அரை எம்பிகூட இல்லை. கேள்வியைக் குரலில் அனுப்பி, பதிலை நோட்டில் எழுதி வரச் சொன்னால் எல்லோருக்கும் எட்டும். போனே இல்லாத பிள்ளைக்கு மாலையில் பள்ளி விடுவதற்குள் அதே கேள்வியைத் தாளில் கொடுத்தனுப்புங்கள், கேட்டு வாங்கும் நிலையில் அந்தப் பிள்ளையை நிறுத்த வேண்டாம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல் போடுவதை நிறுத்த வேண்டும். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை நாற்பது வீடுகள் பார்க்கத் தேவையே இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே வரையறுக்கிறது. வகுப்புச் செயல்பாட்டைப் படம் எடுத்தால் கைகளும் நோட்டும் செய்த பொருளும் தெரியட்டும், முகம் வேண்டாம். முகம் வந்தே ஆக வேண்டும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், படத்தோடு பெயரும் ஊரும் சேர்த்துப் போடாதீர்கள். பிள்ளையின் படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு இணையக் குற்ற உதவி எண் 1930-ஐயும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். அந்தச் செய்தியை அழிக்கும்படி பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.